பொத்தானுக்குப் பூத் தேடிய ஐப்பசி

ஜேர்மனிக்கு வந்து இரண்டாவது ஐப்பசி. ஹம் நகரத்தின் ஓரத்தில் ஒரு பழைய பள்ளிக்கூடத்தை அகதி முகாமாக்கியிருந்தார்கள். அதில் ஒரு வகுப்பறை எனக்கும் ஓர் அக்காவுக்கும். உறவொன்றும் இல்லை, ஒரே அறையில் படுத்ததால் அக்கா. வேலை செய்ய எங்களுக்கு அனுமதி கிடையாது. மழை, தேநீர், கடிதம் வராத காலை, மறுபடி மழை.

அக்கா ஊரில் சித்திரம் படிப்பித்தவள். அதைக் கேள்விப்பட்ட கம்பளி நூற்கடைக்காரி அவளிடம் பன்னிரண்டு மரப் பொத்தான்களைக் கொடுத்தாள். குழந்தைகளின் குளிர்ச்சட்டைக்கு. படம் தீட்டிக் கொண்டுவாருங்கள், பிடித்திருந்தால் உங்கள் இருவரையும் வேலைக்கு வைக்க விரும்புகிறேன் என்று கடிதம் எழுதித் தருகிறேன் என்றாள். அடுத்த மாதம் வெளிநாட்டவர் அலுவலகத்தில் எங்களுக்கு டெர்மின், வரச்சொல்லிக் குறித்த நாள். வேலை அனுமதி கேட்டு அந்த ஒற்றைத் தாளோடு அங்கே போய் நிற்க வேண்டும். எங்களுடைய ஆசை முழுவதும் அவ்வளவுதான்.

அக்கா முதலில் மயில் வரைந்தாள். தோகை நகத்தளவுக்குள் அடங்கிவிட்டது. ஆனால் பொத்தானின் நடுவே தைப்பதற்கு நாலு துளைகள்.

"நெஞ்சிலை நாலு ஓட்டையோடை மயில். சுட்டுப் போட்ட மாதிரிக் கிடக்கு."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, ஈரத் துணியால் மயிலைத் துடைத்தாள். யானைக்கு வயிற்றில் துளை. கிளிக்குக் கண்ணில்.

"எங்கடையளை விடுங்கோ அக்கா. இந்தச் சனத்துக்கு என்ன பிடிக்குதெண்டு பாப்பம்."

"எங்கை போய்ப் பாக்கிறது? நகரத்தை விட்டு வெளியிலை போக ஏலாதெண்டெல்லோ பேப்பரிலை கிடக்கு."

ஆகவே நகரத்துக்குள்ளேயே அலைந்தோம். கடைக் கண்ணாடிகள், ஜன்னல் திரைகள், பீங்கான் கோப்பைகள், வரிசையில் முன்னால் நின்றவளின் கழுத்துத் துணி. அக்கா பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் பென்சிலால் கீறிக்கொண்டாள். மாதக் கடைசியில் ஒரு வாரம், பஸ்ஸில் ஏறியவர்களின் மடிகளில் எல்லாம் செவ்வந்திச் சட்டிகள். மஞ்சள், வெள்ளை, காய்ந்த இரத்தம் போல ஒரு சிவப்பு. எங்களுக்கு அது சாமிக்குச் சாத்துகிற பூ, மணவறைப் பூ. இதழ்கள் சுற்றிவர விரிவதால் நடுவே துளை விழுந்தாலும் நோகாத பூ.

"இதுதான் அக்கா. இதைத்தான் இதுகள் கொண்டாடுதுகள்."

அந்தச் சட்டிகளோடு அவர்கள் எங்கே இறங்கினார்கள் என்று நாங்கள் பார்க்கவில்லை. எங்கள் தரிப்பு முன்னரே வந்துவிடும்.

நாலு நாள் தீட்டினோம். இதழ்களை அக்கா, காய்ந்தபின் மேலே பூசும் மினுக்கெண்ணெயை நான். நூற்கடைக்காரி பன்னிரண்டையும் மேசையில் பரப்பி நெடுநேரம் பார்த்தாள். மிக அழகாக இருக்கிறது என்றாள். பிறகு, எங்களுக்கு விளங்கவேண்டும் என்று சொல் சொல்லாக நிறுத்திச் சொன்னாள்: இவை செத்தவர்களுக்குக் கொண்டுபோகும் பூக்கள், இந்த மாதம் எல்லோரும் கல்லறையில் வைப்பவை, இதைக் குழந்தையின் நெஞ்சில் எப்படித் தைப்பது? குளிர்காலச் சட்டைகள் காத்திருக்க மாட்டா, வேறிடத்தில் வாங்கிக்கொள்கிறேன். கடிதத்தைப் பற்றி அவள் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பொத்தான்களை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கடதாசிப் பையில் போட்டுத் தந்தாள்.

டெர்மின் நாளில் அதிகாரி கேட்டார்: யாராவது வேலை தர முன்வந்திருக்கிறார்களா? அக்கா அழகான உச்சரிப்பில் இல்லை என்றாள். எங்கள் அகதிப் பத்திரத்தில், வேலை செய்யக்கூடாது என்ற வரியின் மேலேயே இன்னொரு மூன்று மாதத்துக்கு முத்திரை விழுந்தது.

கடிதம் இருந்திருந்தாலும் அந்த முத்திரைதான் விழுந்திருக்கும் என்று இப்போது தெரியும். பிறகு எத்தனையோ பேர் கடிதத்தோடு போய் வெறுங்கையோடு வந்ததைப் பார்த்திருக்கிறேன். அன்று தெரியாது. அலுவலகப் படிகளில் இறங்கும்போது சொன்னேன்:

"பிழை என்ரைதான் அக்கா. அந்தப் பூவை நான்தானே சொன்னனான்."

"ஓமோம். நீ ரோசாப்பூ எண்டு சொல்லியிருந்தால் இப்ப எழும்பி நிண்டு வேலை தந்திருப்பாங்கள்," என்றாள் அக்கா. "பேசாமல் நட. பஸ் போகப் போகுது."