படுகளத்தன்று வந்த பெண் வீட்டார்

ஒருவன் கெட்டழிந்தால், அவன் காதில் ஓதியவருக்கு அதில் எவ்வளவு பங்கு? திண்டிவனத்துக்கு அருகே, எங்கள் ஊர்ப் படுகளத்தன்று இந்தக் கேள்வி என்மேல் வந்து விழுந்தது.

பாரதக் கூத்தின் கடைசி நாள், போர்க்களத்தில் அரசன் விழும் நாள். மண்ணால் செய்து திடலில் மல்லாத்திக் கிடத்தியிருந்த அரசனின் தொடை பிளந்து குங்குமக் கரைசல் வழிந்தது. பங்காளிகளின் வாழ்வைப் பொறுக்காமல் அழிந்தவன் அவன். வழக்கப்படி அவனை அடிக்கப் பெண்கள் துடைப்பத்தோடு சூழ்ந்துகொண்டார்கள்.

"அவன் இன்னா பண்ணுவான், பாவம்? மாமங்காரன் ஏத்தி வுட்டான்," என்றாள் ஒருத்தி.

"ஏத்தி வுட்டா இவனுக்குப் புத்தி எங்க போச்சு? நீ அடிடீ!"

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. பெரியப்பா மகனுக்கு விழுப்புரத்தில் அரசு வேலை கிடைத்ததிலிருந்து அவன் பெயரே எனக்குக் கசந்தது. ஒரே பயிற்சி மையம், ஒரே பெஞ்சு. முதுகலை முடித்தவன் நான், தேறியவன் அவன். சாப்பிட உட்காரும்போதெல்லாம் அப்பா, "அவனப் பாருடா" என்பார். தெருமுனையில் அவன் வண்டிச் சத்தம் கேட்டாலே என் வயிறு எரியும்.

பெண் கொடுக்குமுன் மாப்பிள்ளையைப் பற்றிப் பங்காளி வீட்டில் விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பங்காளியே நல்லது சொன்னால் மெய்யாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை. அன்று கூட்டத்தில், பெரியப்பா மகனுக்குப் பார்த்திருந்த பெண்ணின் தகப்பனார் என்னைத் தேடி வந்தார்.

"தம்பி, பையனுக்குக் குடி கிடின்னு எதுனா உண்டுங்களா?"

அருகில் நின்ற என் தாய்மாமன் காதோடு முணுமுணுத்தார்: "புதுச்சேரி கல்யாணத்துல பீர் குடிச்சானே, சொல்லேன்டா. பொய்யா சொல்லப் போற?"

பொய்யில்லை. ஒரே ஒருமுறை, என் கண்ணெதிரே. அதைச் சொன்னால் சம்பந்தம் அங்கேயே முறியும். குடிகாரன் என்ற பெயர் அவனுக்கு முன்னே ஊர் ஊராகப் போகும். மாமா தூண்டினார் என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம். அப்பா ஒப்பிட்டே வளர்த்தார் என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மைதான். ஆனால் சொல்லப்போகிற வாய் என்னுடையது.

"அதெல்லாம் இல்லீங்க. நம்பிக் குடுக்கலாம்," என்றேன். அவனுக்கு இதுவும் கிடைக்கிறதே என்று சொல்லும்போதே நெஞ்சு காந்தியது.

"பொழைக்கத் தெரியாதவன்டா நீ!" மாமா துண்டை உதறிக்கொண்டு நடந்தார்.

ஆவணியில் திருமணம் நடந்தது. பந்தியில் நான்தான் சாம்பார் பரிமாறினேன். பொறாமை போய்விடவில்லை. ஆனால் அப்பா "அவனப் பாருடா" என்று தொடங்கினால், "வேணாம்ப்பா" என்று தட்டோடு எழுந்துவிடுகிறேன். அவரும் இப்போது அதிகம் சொல்வதில்லை.