அமுதம் ஏற்றாத விளக்கு

கடைசியாக நீங்கள் போன கல்லூரி விழாவில் குத்துவிளக்கு ஏற்றியவர்களில் கணவனை இழந்த பெண் ஒருவராவது இருந்தாரா? நினைவில்லை என்றால் உங்கள் ஞாபகசக்தியைக் குறை சொல்ல வேண்டாம். நீங்கள் அதைக் கவனிக்கவே இல்லை, அவ்வளவுதான். நம்மில் பெரும்பாலோர் கவனிப்பதில்லை.

அமுதம் காரைக்காலில் ஒரு சிறிய பல்கலைக்கழகத்தின் மேலாண்மைத் துறையில் உதவிப் பேராசிரியர். பக்கத்தில் போலகம் கிராமத்தில் விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். எம்.பி.ஏ. முடித்து, மீன் சந்தைப்படுத்தல் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கினார். இன்றும் முதலாண்டு மாணவர்களை விடிவதற்குள் கருக்களாச்சேரிக் கரைக்கு அழைத்துப் போய் மீன் ஏலத்தைப் பார்க்க வைப்பார்.

"மேடம், இத கிளாஸ்ல ஏசில உக்காந்தே படிக்கலாமே" என்று கொட்டாவி விடும் மாணவனுக்கு ஒரே பதில்தான். "ஏசில மீன் கெடாம இருக்கும்ப்பா. ஏலம் நடக்காது."

கணவர் மாறன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். சில வருடங்களுக்கு முன் மாரடைப்பில் இறந்துபோனார். அமுதம் பொட்டை விடவில்லை. பூவை மட்டும் விட்டார். பூ வாங்கி வருகிற பழக்கம் மாறனுடையது, தனக்காகத் தானே வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை. காரணம் இவ்வளவுதான். துறையில் இருந்தவர்கள் வேறு காரணம் எடுத்துக்கொண்டார்கள். சக ஆசிரியைகளின் வளைகாப்புக்கு அழைப்பு வரும். போனால் கையில் தட்டு தர மாட்டார்கள், சாப்பாட்டுப் பந்தியைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். யாரும் கடுமையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. இந்த ஊரில் இந்த அநியாயம் மிகவும் மரியாதையாக நடக்கிறது.

துறையின் இணையதளத்தில் 'செய்திகளும் நிகழ்வுகளும்' என்று ஒரு பக்கம் உண்டு. வேறு யாரும் தொட விரும்பாததால் அதை எழுதும் வேலை அமுதத்திடம் வந்தது. கருத்தரங்கு, வளாக நேர்காணல், மாணவர் சந்தை, எதுவானாலும் செய்தி ஒரே மாதிரிதான் தொடங்கும்: இன்னின்னார் குத்துவிளக்கேற்றி விழாவைத் தொடங்கி வைத்தனர். விளக்கில் ஐந்து திரிகள். நான்கு திரிகள் பெரிய மனிதர்களுக்கு. ஐந்தாவது அந்த நிகழ்ச்சியை உழைத்து நடத்தும் ஒருங்கிணைப்பாளருக்கு. அந்தத் துறையின் நல்ல வழக்கம் அது.

போன வருடம் பிப்ரவரியில் நடந்த இரண்டு நாள் கருத்தரங்குக்கு அமுதம்தான் ஒருங்கிணைப்பாளர். மாறன் இறந்த பிறகு அவர் பொறுப்பேற்ற முதல் கருத்தரங்கு. தலைப்பு, கடலோரப் பெண் வணிகர்கள். நாகப்பட்டினம் பக்கம் ஐஸ் ஃபேக்டரியும் மீன் பதப்படுத்தும் ஆலையும் நடத்தும் தாமரைச்செல்வியைச் சிறப்பு விருந்தினராக வரச் சம்மதிக்க வைத்ததும் அவர்தான்.

விழாவுக்கு முதல்நாள் துறைத் தலைவர் தங்கையன் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். முடிவெடுத்தல் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்துபவர் அவர்.

"உக்காருங்கம்மா. நாளைக்கி மேடையில கூட்டம் அதிகமா இருக்கும். நீங்க பின்னாடி சர்டிபிகேட்டுங்கள பாத்துக்கிட்டீங்கன்னா நல்லா இருக்கும்."

"பாத்துக்கறேன் சார். வெளக்கேத்திட்டு எறங்கிடுறேன்."

தங்கையன் பேனாவை மூடினார், திறந்தார். "அதுக்குத்தான் சொல்றேன். எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்ல. ஆனா வர்றவங்க யாராவது ஏதாவது சொல்லிட்டாங்கன்னா உங்களுக்குத்தானம்மா சங்கடம்?"

அமுதத்துக்கு ஒன்று தெரியும், தங்கையனுக்குத் தெரியாது. தாமரைச்செல்விக்கும் கணவர் இல்லை. பட்டுப் புடவையும் பெரிய பொட்டும் மல்லிகையுமாகக் காரில் வந்து இறங்கும் அவரைப் பார்க்கிற யாருக்கும் அந்த நினைப்பே வராது. இதைச் சொன்னால் தங்கையனின் வாயை அடைத்துவிடலாம். அல்லது தனக்கு நேர்ந்தது அந்த அம்மாவுக்கும் நேரலாம். சோதித்துப் பார்க்க அமுதத்துக்கு மனம் வரவில்லை. எழுந்து வந்துவிட்டார்.

மறுநாள் காலை மெழுகுவர்த்தியைத் தங்கையன் ஜொஹராவிடம் நீட்டினார். ஜொஹரா அமுதத்துக்கு அடுத்த மேசை, நிதி மேலாண்மை நடத்துபவர்.

"அஞ்சாவத நீங்க ஏத்திடுங்க ஜொஹரா."

"நானா? எங்க உம்மா போட்டோவப் பாத்தா ஒரு வாரத்துக்குப் பேச மாட்டாங்க சார். அது கெடக்கட்டும், அது அமுதம் எடம். எனக்கு வேணாம்."

கடைசியில் தங்கையனே இரண்டு திரிகளை ஏற்றினார். முதல் திரியைத் தாமரைச்செல்வி ஏற்றினார். அரங்கம் கைதட்டியது. திரைக்குப் பின்னால் சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டிருந்த அமுதத்துக்கு அந்தக் கைதட்டல் மட்டும் கேட்டது.

பிறகு தாமரைச்செல்வி பேசினார். எழுதி வைத்துப் படிக்கவில்லை.

"எங்க வூட்டுக்காரரு போனப்ப பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் சொந்தக்காரங்க எல்லாம் அழுதாங்க. காரியம் முடிஞ்ச மறுநாளு ஃபேக்டரிய வெலைக்குக் கேட்டாங்க. அழுத அதே ஆளுங்கதான். நான் குடுக்கல. அதனாலதான் இன்னைக்கி உங்க முன்னாடி நின்னு பேசிக்கிட்டிருக்கேன்."

மாணவர்கள் சிரித்தார்கள், விசிலடித்தார்கள். முதல் வரிசையில் தங்கையன் விளக்கைப் பார்த்தார். அது நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது. மைக் இரையவில்லை, கரண்ட் போகவில்லை, யாருக்கும் காய்ச்சல் வரவில்லை.

ஜொஹரா அவருக்கு நேர் பின்வரிசையிலிருந்து குனிந்தார். "சார், இப்ப அணைச்சுட்டு மறுபடி முதல்லேர்ந்து ஏத்தணுமா?"

"சும்மா இருங்க ஜொஹரா" என்றார் தங்கையன் அடிக்குரலில். "அவங்க வேற. அவங்க வி.ஐ.பி."

இந்த வழக்கத்தைக் காக்கிறவர்கள் மங்கலம், சாஸ்திரம் என்று ஆயிரம் சொல்வார்கள். தங்கையன் நாலே சொற்களில் உண்மையைச் சொல்லிவிட்டார். காரில் வந்தால் அமங்கலம் ஒட்டாது. ஸ்கூட்டரில் வருபவர் திரைக்குப் பின்னால் நிற்க வேண்டும்.

மதியம் கிளம்பும்போது தாமரைச்செல்வி அமுதத்தைத் தேடி வந்தார். "என்ன தங்கச்சி, வூட்டுக்கு வந்து வந்து கூப்புட்டது நீ. மேடையில ஒன்னயக் காணுமே?"

"சர்டிபிகேட் வேலை இருந்துச்சுக்கா."

தாமரைச்செல்வி ஒரு கணம் அவரைப் பார்த்தார். "நல்ல வேலை" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

தன்னைத் தள்ளி வைத்தது கூட அமுதத்துக்கு அவ்வளவு உறுத்தவில்லை. தள்ளி வைத்தவர்களுக்காகத் தானே பொய் சொன்னது உறுத்தியது. சாயங்காலம் துறை அறையில் உட்கார்ந்து செய்தி எழுதினார். வழக்கமான முதல் வரியில் நான்கு பேர்களையும் போட்டார். அதன் கீழே, "ஐந்தாவது திரி துறை வழக்கப்படி ஒருங்கிணைப்பாளருக்கு உரியது. ஒருங்கிணைப்பாளர் அமுதம் கணவரை இழந்தவர் என்பதால் அது அவருக்குத் தரப்படவில்லை" என்று சேர்த்தார். தாமரைச்செல்வியின் கணவரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. படங்களோடு ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை தங்கையன் கணினித் திரையைச் சுட்டிக்காட்டினார். "என்னம்மா இது?"

"நேத்து நடந்தது சார்."

"இதெல்லாம் ஒரு செய்தியா?"

"யாரு ஏத்துனாங்கங்கறது செய்தின்னா, யார ஏத்த விடலங்கறதும் செய்திதான் சார்."

"துறை மானம் போவுதும்மா. எடுத்துடுங்க."

"தப்பா ஏதாவது எழுதியிருக்கனா சார்? சொல்லுங்க, திருத்திடுறேன். இல்லன்னா நீங்களே எடுத்துக்கங்க. நான் எடுக்க மாட்டேன்."

தங்கையன் எடுத்தார். மதியத்துக்குள் அந்த இரண்டு வாக்கியங்களும் போய்விட்டன. அந்தப் பக்கத்தை எழுதும் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. ஆனால் காலையிலேயே மாணவர்கள் படித்துவிட்டார்கள், படமெடுத்து அனுப்பியும் விட்டார்கள். இரண்டாம் நாள் அமர்வில் அமுதம் மேடையேறியபோது ஒரு மாணவி எழுந்து நின்றாள். பிறகு அவள் வரிசை எழுந்தது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. துறையில் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இந்த வருடக் கருத்தரங்குக்கும் அமுதம்தான் ஒருங்கிணைப்பாளர். அவ்வளவு வேலையை இழுத்துப் போட்டுச் செய்ய வேறு ஆள் இல்லை. அழைப்பிதழ் வந்துவிட்டது. விளக்கேற்றுபவர்கள் என்று ஐந்து பெயர்கள். அமுதத்தின் பெயர் அடியில், 'ஏற்பாடு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இப்படி ஓர் அழைப்பிதழ் உங்கள் ஊர்க் கல்லூரியிலிருந்தும் உங்களுக்கு வரும். போங்கள். முன்வரிசையில் உட்காருங்கள். தீக்குச்சியை உரசும் முன் எழுந்து நின்று, அரங்கம் முழுக்கக் கேட்கும்படி, இந்த விழாவுக்கு உழைத்தவரை மேடைக்கு அழையுங்கள் என்று சொல்லுங்கள். அவர் ஏறி வரும்வரை உட்காராதீர்கள்.