மூன்றாவது குரைப்பு

நாற்பது ஆண்டுகளில் பதினேழு நாய்களைப் பழக்கியிருக்கிறேன். மண்ணுக்கடியில் ஆள் இருந்தால் மூன்று முறை குரைக்க வேண்டும். அது நான் வைத்த விதி.

ஏலப்பாறைப் பக்கம் மண் சரிந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயம் புதைந்த அன்று, என் நாய் ராணி ஓரிடத்தில் நின்று இரண்டு முறைதான் குரைத்தாள். மூன்றாவதற்குக் காத்திருந்தேன். வரவில்லை. களைப்பு என்று நினைத்து இழுத்துக்கொண்டு போனேன். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

ஐந்து மணி நேரம் கழித்து, கொழுந்து கிள்ளும் ஸ்டெல்லாவை அதே இடத்தில் உயிரோடு எடுத்தார்கள். நசுங்கிய காலைக் காப்பாற்ற முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"நாய் கொரைச்சது கேட்டுச்சு சார். ஆளு வந்துட்டாகன்னு ஸ்தோத்திரம் சொன்னேன். பெறகு ஏன் போயிட்டீக?"



இப்போது ராணி ஒரு முறை குரைத்தாலும் எழுந்து போய்ப் பார்க்கிறேன். பெரும்பாலும் பூனைதான்.