பல் டாக்டரின் குரலுக்கு ஆடிய ஊர்

பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்த அந்த அம்மாளுக்கு டாக்டரே வைத்த பட்டப்பெயர் ஊமைக்கோட்டான். நாள் முழுக்க அவர் பக்கத்தில் நின்று, நோயாளியின் வாயில் ஊறும் எச்சிலைக் குழாயால் உறிஞ்சுவாள், கேட்டாலொழியப் பேசமாட்டாள். ஊமை ஊரைக் கெடுக்கும் என்பது அவருக்குத் தெரியாமல் போயிற்று.

பேசாதவளுக்குப் பாம்புச் செவி. பல்லைக் குடையும் மெஷினின் கிறீச்சையும், பொறுமை இழந்த டாக்டரின் "தெறங்க... இன்னும்... இன்னும்னு சொல்றேன்ல!" என்ற அதட்டலையும் போனில் பிடித்து வந்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டி, அடியில் திம் திம்மென்று தாளம் போடுவாள். சீரியல் பார்க்கிறாள் என்று கணவர் நினைத்திருந்தார். பெயரும் முகமும் காட்டாமல் இணையத்தில் விட்ட அந்த எலக்ட்ரானிக் பாட்டுகளுக்குச் சின்னக் கூட்டம் ஒன்று இருந்தது. கடைகளுக்கு அடியில் இருக்கும் கார் நிறுத்துமிடத்தில் கூடி ஆடும் பிள்ளைகள். அவளுக்கு அது போதும்.

போதும் என்றால் விடுகிறார்களா? ஒரு செல்போன் கம்பெனி அதில் ஒரு பாட்டை விளம்பரத்துக்குக் கேட்டது. ஆசை யாரை விட்டது, கொடுத்துவிட்டாள். அப்புறம் டீவியில், பஸ்ஸில், ஜிம்மில், எங்கே திரும்பினாலும் "இன்னும்... இன்னும்!"

டாக்டர் பாடு திண்டாட்டமாகிவிட்டது. அவர் "இன்னும்" என்றாலே நோயாளிகள் திறந்த வாயோடு சிரித்தார்கள்.

"எவன்யா இந்தப் பாட்டப் போட்டவன்? எருமை கத்துற மாதிரி ஒரு குரல்! கையில கெடைக்கட்டும், மயக்க ஊசி போடாமப் பல்லப் புடுங்குறேன்!"

தன் குரலே தனக்குத் தெரியாத மனிதர்! அவளுக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்ற பயம். வேலை போனால் வேறு வேலை தேடலாம். இப்படி எரிந்து விழும் குரலுக்கு எங்கே போவது?

ஒருநாள் மதியம் டாக்டரின் மகள் வந்து, போனில் பாட்டைப் போட்டுக் காட்டினாள். "அப்பா, இது நீங்கதாம்ப்பா."

"போடி இவளே!" என்று உதவியாளர் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீங்க சொல்லுங்க, இது என் குரலா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாள். ஆனால் அந்தக் குரலை எருமை என்றதை அவளால் பொறுக்க முடியவில்லை. அவ்வளவு ஆசை அதன்மேல்.

"உங்க குரல்தான் டாக்டர். பாட்டு என்னுது. கேக்காம எடுத்தது தப்புதான்."

டாக்டர் நோயாளிகளின் நாற்காலியிலேயே பொத்தென்று உட்கார்ந்தார். மறுபடி போடச் சொல்லிக் கேட்டார். இன்னொரு தடவையும் கேட்டார்.

"கொஞ்சம் கம்பீரமாத்தான் இருக்கு, இல்ல?" என்றார். "இனிமே சொல்லிட்டு எடுங்க."

மறுநாளே பிடித்தது வினை. டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தயவுசெய்து... வாயைத் திறவுங்கள்..." என்று ரேடியோ அறிவிப்பாளர் மாதிரி தேன் ஒழுகக் குழைந்தார். நாள்கணக்கில் இதே கூத்து. எடுத்தது எதுவும் உப்புக்குப் பெறவில்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில், ஆள் நாற்காலியில் இருக்கும்போதே கேட்டுவிட்டாள்.

"டாக்டர், பழையபடி எரிஞ்சு விழுங்களேன்."

"நான் எப்பம்மா எரிஞ்சு விழுந்தேன்? சொல்லுங்க! எப்ப விழுந்தேன்? எப்ப?"

நாற்காலியில் வாயைப் பிளந்து கிடந்தவரின் கால் தானாகத் தாளம் போட ஆரம்பித்தது.