கண் திறக்க ஓர் ஆம்பளை

கரிசல் காட்டில் உளி எடுத்த முதல் பெண் என்று பேப்பரில் என் படம் வந்தது. அதைப் பார்த்துத்தான் புதூர்ப் பக்கத்து ஊர்க்காரர்கள் அம்மன் சிலை கேட்டு வந்தார்கள். அதுவரை கோவில்பட்டியில் என் பட்டறைக்கு வந்ததெல்லாம் அம்மி கொத்துகிற வேலையும் கல்லறைப் பலகையும்தான். கோயிலுக்குள் நிற்கப்போகிற என் முதல் சிலை இது. இது நின்றுவிட்டால் என்னையும் சிற்பி என்று ஒப்புக்கொள்வார்கள் என்று பைத்தியம் மாதிரி வேலை செய்தேன்.

கண்ணை மட்டும் விட்டுவைத்தேன். அந்த ஊர் வழக்கப்படி, சிலை கோயிலுக்கு வந்த பிறகு, செய்த வீட்டார்தான் கருவிழியைக் கீறிக் கண் திறக்க வேண்டும். தலைக்குக் குளித்து உளியோடு போய் நின்றேன். ஊர்ப் பெரியவர் என்னைக் கும்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"நீங்க செஞ்சதுல ஒரு குத்தமும் இல்ல தாயி. கண்ணு மட்டும் ஆம்பள கைதான் திறக்கணும். ஒங்க வீட்டு ஆம்பளைய வரச் சொல்லுங்க."

எங்கள் வீட்டு ஆம்பளை என்றால் என் தம்பி. செல்போன் கடை வைத்திருக்கிறான். முடியாது என்று நான் சொன்னால் சிலையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வேறு வழி தெரியாமல் போன் போட்டேன். பைக்கில் வந்து இறங்கியவனுக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"எக்கா, நான் உளியப் பிடிச்சதே இல்லக்கா."

"ஏலே, கோடு போட்டு வச்சிருக்கேன். அது மேலயே லேசாத் தட்டு. அமுக்கிராத."

என்னைப் பந்தலுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். வேலிக்கருவை மரத்தோரமாக நின்று உளிச் சத்தத்தைக் கேட்டேன். நல்ல தட்டு கணீரென்று கேட்கும். நாலைந்து தட்டு அப்படித்தான் கேட்டது. பிறகு சொத்தென்று ஒரு சத்தம். கல் பெயர்ந்துவிட்டது என்று உள்ளே போகாமலே எனக்குத் தெரிந்தது. அங்கேயே மண்ணில் உட்கார்ந்தேன்.

இடது கண்ணில் இமை போய்விட்டது. பின்னமான சிலையைக் கோயிலில் வைக்கமாட்டார்கள். யாரோ தம்பிக்குக் குடிக்கக் கலர் சோடா வாங்கிக் கொடுத்து, "நீ என்னப்பா செய்வ? பொம்பள கை பட்ட கல்லு, அதான் இப்படி" என்றார்கள். அவன் தலையாட்டிக்கொண்டே கலரைக் குடித்தான். எனக்கு அழக்கூட வரவில்லை.

போன டிராக்டரிலேயே சிலை திரும்பி வந்தது. ஆட்களோடு வந்து பட்டறையில் இறக்கிவைத்த ஊர்ப் பெரியவரிடம், "வலது கண்ணு பாக்கி இருக்கே, அத நான் திறக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"தாராளமாத் திறங்க தாயி" என்றார். "இனி அது வெறுங்கல்லுதான?"