மீன் வந்தால்தான் குடம் இறங்கும்

சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்த பட்டு நூலிலிருந்து ஒரு வாடை கிளம்பும். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவுக்குப் பொழுது விடிவதே அந்த வாடையில்தான் என்பதால், வெளியூர் விருந்தாளிகள் மூக்கைப் பொத்திக்கொள்ளும்போது எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எழுபதுகளின் தொடக்கம் அது. நாங்கள் "நைனா" என்று கூப்பிட்ட என் தகப்பனார், தறிக்காரர்களின் பட்டு நூலுக்குச் சாயம் தோய்த்துக் கொடுப்பவர். பின்கட்டில் செம்பு அண்டாக்கள் கொதித்து ஓய்ந்ததும் மிச்சத் தண்ணீர் தெருச் சாக்கடையில் ஓடும். "இன்னிக்கு அரக்கு", "இல்ல, கிளிப்பச்சை" என்று பந்தயம் கட்டிக்கொண்டே நாங்கள் பள்ளிக்கூடம் போவோம். அந்த வண்ணச் சாக்கடையைப் போல அழகான ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை.

குடிக்கிற தண்ணீருக்குத் தெருக்கோடியில் ஒரு கிணறு இருந்தது. பாசியையும் கொசுப்புழுவையும் தின்னட்டும் என்று அதில் கெண்டை மீன் விட்டிருந்தார்கள். கோடையில் தூர் வாரும்போது அந்த மீன்களைப் பித்தளை அண்டாவில் பிடித்து வைத்து, ஊற்று நிரம்பியதும் திரும்ப விடுவார்கள். காலையில் முதலில் போகிற பெண் ஒரு பிடி பொரியைத் தூவுவாள். மீன் மேலே வந்து கொத்தினால்தான் குடம் இறங்கும். பெரும்பாலும் அந்த முதல் பெண் என் அம்மாதான். மீனுக்குக் காத்திருக்கும் நேரத்தில் தெருவின் வம்பு தும்பெல்லாம் பேசி முடித்துவிடுவார்கள் என்பதும் உண்மை.

சாக்கடைச் சாயம் புடவைக் கரையில் ஒட்டுகிறது என்று எதிர்வீட்டுக் கோமளா அக்கா ஓயாமல் முறையிட்டதால், நைனா ஒரு யோசனை செய்தார். பின்கட்டில் ஆழமாகக் குழி தோண்டி ஆற்று மணலைக் கொட்டி, சாயத் தண்ணீரை அதில் ஊற்றினார். ஊற்றியது ஊற்றியபடி மறைந்தது, மேல் மணலும் நாலைந்து வாளி நல்ல தண்ணீரில் வெளுத்துவிட்டது. "மணலு குடிச்சிடுச்சி பாரு" என்று அவர் பூரித்துப்போனார். அக்கம்பக்கத்துச் சாயக்காரர்களும் அவரைப் பார்த்து ஆளுக்கொரு குழி வெட்டினார்கள், சாக்கடை சாதாரணச் சாக்கடையானது. எங்கள் பந்தயம் போயிற்றே என்று எனக்கு அழுகையே வந்தது.

அடுத்த கோடையில் ஒரு காலை, அம்மா பொரியைத் தூவிவிட்டுக் காத்திருந்தாள். நானும் பக்கத்தில் நின்றேன். பொரி ஊறிப் பெருத்து ஓரமாக ஒதுங்கியது, மீன் வரவில்லை. கொஞ்சம் வெயில் ஏறியதும் வெள்ளையாக ஒன்று மிதந்து வந்தது, அதன் பின்னாலேயே இன்னொன்று. அம்மா காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

"கெணத்துத் தண்ணி ஆகாதுங்க. மீனு செத்துக் கெடக்குது. நம்ம குழிதான் காரணம்" என்றாள் நைனாவிடம்.

தண்ணீரைப் பற்றிச் சாயக்காரரிடமே குறை சொன்னால் சும்மா இருப்பாரா? தெருவே கூடியிருக்க, ஒரு வாளி இறைத்து, வெளுத்த பட்டு நூல் சிட்டம் ஒன்றை அதில் முக்கி எடுத்து வெயிலில் விரித்துக் காட்டினார். சிட்டம் மல்லிகைப் பூவாக இருந்தது. "வெள்ளைக்கு வெள்ளை. எங்கனா ஒரு பொட்டு கலர் இருக்குதா, சொல்லுங்கபா" என்றார். ஆண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். நூலில் நிறம் ஏறவில்லை என்றால் தண்ணீர் சுத்தம் என்பது எங்கள் தெருவுக்குச் சத்தியவாக்கு.

"உங்களுக்குக் கலர்தான் தெரியும். நீங்க அதுல போடற ஆசிட்டு, உப்பு எல்லாம் கண்ணுக்குத் தெரியுமா? மீனு அதுலயே கெடந்துதுங்க" என்றாள் அம்மா, குரலை உயர்த்தாமல்.

நைனா சொம்பில் தண்ணீரை மொண்டார். தான் குடித்தே காட்டுவதென்ற ரோஷம். அவர் ஜெயிக்க வேண்டுமே என்று எனக்குத் தவிப்பாக இருந்தது. அவர் பேச்சு நிஜம் என்று எல்லோருக்கும் காட்டுவதற்காக, "எனக்குக் குடு நைனா, நான் குடிக்கிறேன்" என்று கையை நீட்டினேன்.

நீட்டிய கை நீட்டியபடி இருக்க, அவர் சொம்பை என் கைக்கு எட்டாமல் உயர்த்திக்கொண்டார். தன்னையறியாமல் செய்தது அது. செய்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவருக்கே புரிந்தது போலிருக்கிறது. அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு நேராகப் பின்கட்டுக்குப் போய் மண்வெட்டியை எடுத்தார்.

மேலே மணல் வெளுப்பாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே மண் சிவப்பு, பச்சை, ஊதா என்று அடுக்கிய புடவை மடிப்புகளாக இறங்கிக்கொண்டே போயிற்று. அதைப் பார்த்த பிறகு மற்ற சாயக்காரர்களிடம் நைனா வாதாட வேண்டியிருக்கவில்லை. எல்லாக் குழிகளையும் தோண்டி, அந்த மண்ணைக் கிணறுகள் இல்லாத பொட்டலுக்கு வண்டியில் ஏற்றினார்கள்.

அதன் பிறகு அவர் தொழில் முறையே மாறியது. அரக்கு தோய்த்த தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே அடுத்த சிட்டத்தை முக்கினார், பிறகு இன்னொன்றை. சாயம் தேயத் தேய வெங்காயச் சருகு நிறத்தில் ஒரு நூல் வந்தது. முதலில், "இன்னாபா, வெளுத்துப்போன கலரா கீது" என்று உதட்டைப் பிதுக்கிய தறிக்காரர்கள், பிறகு அந்த நிறத்துக்காகவே எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். கடைசியில் மிஞ்சிய கொஞ்சத்தைச் சிமெண்டுத் தொட்டியில் வெயிலுக்குக் காயவைத்தார். தொட்டியின் அடியில் தங்கும் கசடை எங்கே போடுவது என்று மட்டும் கடைசிவரை அவருக்கு நிம்மதியான பதில் கிடைக்கவில்லை.

கிணறு தேறும்வரை அடுத்த தெருவிலிருந்து தெரு முழுவதற்கும் சைக்கிளில் குடம் கட்டித் தண்ணீர் கொண்டுவந்தவரும் அவரேதான். "தண்ணிக்காரரே" என்று கோமளா அக்கா கேலி செய்தால் மணியடித்துவிட்டுப் போவார். கிணற்றை இறைத்து இறைத்து ஊற்றினார்கள். அந்த வருஷ மழைக்குப் பிறகு விட்ட மீன்கள் தங்கவில்லை, நைனா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மறு வருஷம் ஐப்பசி அடைமழை ஓய்ந்ததும் ஐயம்பேட்டைப் பக்கத்து ஏரியிலிருந்து தூக்குப் பாத்திரத்தில் கெண்டைக் குஞ்சுகள் கொண்டுவந்து விட்டார். தினமும் அம்மாவோடு அவரும் கிணற்றடிக்குப் போனார். ஒரு காலை பொரியைச் சுற்றி நீர் சுழித்தது. அன்றைக்கு இறைத்த முதல் தண்ணீரைச் சொம்பில் மொண்டு, தான் ஒரு வாய் குடித்துவிட்டு, என் கையில் கொடுத்தார். அந்தத் தண்ணீரின் குளிர்ச்சி என் தொண்டையில் இன்னும் இருக்கிறது.

போன மாதம் அந்தத் தெருவுக்குப் போயிருந்தேன். செம்பு அண்டாக்கள் இல்லை, சாக்கடையைக் கான்கிரீட் பலகை மூடிவிட்டது. குழாயில் தண்ணீர் வருகிறது. நான் ஆசைப்பட்ட அந்த வண்ண ஓட்டம் இனி யாருக்கும் இல்லை என்பதில் எனக்கு இப்போது மகிழ்ச்சிதான். கிணறு இருக்கிறது, மேலே இரும்புவலைக் கதவோடு. குழாயில் தண்ணீர் வராத நாளுக்கு அதுதான் என்றாள், வாளியோடு நின்றிருந்த கோமளா அக்காவின் மருமகள். நான் யாரென்று சொன்னேன். சிரித்தாள், ஆனால் வாளியை இறக்கவில்லை. கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா நிக்கிற?"

"இருங்கம்மா, இப்பதான் பொரி போட்டுட்டு நிக்கிறேன்."

இருவரும் காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் கீழே தண்ணீர் அசைந்தது. அவள் வாளியை இறக்கினாள்.