பிடிப்பவனை எறிபவன் ஆக்கினேன்

நாங்கள் டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் வசிக்கிறோம். ஜிம்னாசியம் எனப்படும் மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் என் மகன் ஆரூரனுக்கு பேஸ்போல்தான் உலகம். அமெரிக்கக் கல்லூரி அணி ஒன்றில் ஆட வேண்டும் என்பது அவன் ஆசை. ஆனால் இங்கே அவன் ஆட்டத்தை வந்து பார்த்துத் தேர்ந்தெடுக்க யாரும் இல்லை.

சென்ற கோடையில் ஜெர்மனியில் நடக்கும் முகாம் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். அமெரிக்கக் கல்லூரிப் பயிற்சியாளர்கள் நேரில் வந்து பார்ப்பார்கள் என்று போட்டிருந்தது. இடம் முடிந்துவிடுமோ என்ற பதற்றத்தில், அவனைக் கேட்காமலே விண்ணப்பத்தை நிரப்பினேன். அணியில் என்ன பொறுப்பு என்ற கேள்விக்கு, ஆட்டத்தின் நுணுக்கம் தெரியாத நான் பந்து எறிபவர் என்று எழுதினேன். அவனோ மற்றவர் எறியும் பந்தைப் பிடிப்பவன்.

அங்கே போனபோது பிடிப்பவர்களின் குழு நிரம்பியிருந்தது. மூன்று நாளும் எறிபவர்களோடு நின்று, எதிரே குந்தியிருந்து பந்து பிடித்த பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பும் ரயிலில், "அம்மா பிழை விட்டிட்டன், அப்பு" என்றேன்.

எப்போதும் டெனிஷில் பதில் சொல்பவன் அன்று தமிழில் சொன்னான்: "பரவாயில்லை அம்மா. ஆனா நான் பிடிக்கிறதை ஒருத்தரும் பாக்கேல்லை."

இப்போது அவனைப் பக்கத்தில் இருத்தித்தான் எந்த விண்ணப்பத்தையும் நிரப்புகிறேன். பிடிப்பவர்களுக்கு இடம் உண்டா, யார் பார்க்க வருகிறார்கள் என்று முதலிலேயே எழுதிக் கேட்கிறேன். இந்தக் கோடைக்கு இரண்டு முகாம்களுக்கு எழுதியிருக்கிறோம். வகுப்பு முடிந்து வந்ததும், சப்பாத்தைக் கழற்றாமலே கேட்கிறான்:

"அம்மா, பதில் வந்ததோ?"